அரசு வரியைக் குறைத்தது, என் செலவு ஏன் குறையவில்லை?

கேள்வி: திருப்பூர் காங்கயம் சாலைப் பகுதியில் 24 மெஷின்களுடன் தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வருகிறேன். இரண்டு ஏற்றுமதி கம்பெனிகளுக்கும் ஓர் உள்நாட்டு வியாபாரிக்கும் தைத்துக் கொடுக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை உயர்த்தியதும் ஒரு கம்பெனி எனக்குத் தரும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அதே சமயத்தில் பஞ்சுக்கு இறக்குமதி வரி நீங்கியது, ஜி.எஸ்.டி. குறைந்தது, வங்கி வட்டி குறைந்தது என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. என் கணக்கில் எதுவும் குறையவில்லை. தவணை அதே தொகை, பீஸ் ரேட்டும் அதே, பில் பணம் வர மூன்று நான்கு மாதம் ஆகிறது. அரசு எடுக்கும் முடிவுகள் எங்களைப் போன்ற சிறிய யூனிட்டுகளுக்கு உண்மையில் எப்படி வந்து சேருகின்றன? இந்த நிலையில் கடன் வாங்கி இன்னும் பத்து மெஷின் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது கடன் வாங்கிப் பத்து மெஷின் போட வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அணையில் தண்ணீர் திறந்த செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் தெரிந்துவிடும். கடைமடை வயலுக்கு அது வந்து சேர்வது வழியில் உள்ள மதகுகளைப் பொறுத்தது. அரசின் பொருளாதார முடிவுகளும் அப்படித்தான் நகர்கின்றன. வரிக் குறைப்போ வட்டிக் குறைப்போ உங்கள் யூனிட்டுக்கு நேராக வருவதில்லை. நூற்பாலையின் விலைப்பட்டியல் வழியாகவோ, ஏற்றுமதியாளரின் கணக்கு வழியாகவோ, வங்கிக் கிளையின் கடன் ஒப்பந்தம் வழியாகவோதான் வருகிறது. ஒவ்வொரு கையிலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. சில நேரம் முழுவதுமே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு செய்தியைப் படித்தவுடன், இது யார் கை வழியாக எனக்கு வர வேண்டும், அவர் எனக்குத் தருவதற்கு ஏதேனும் கட்டாயம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வொன்றையும் அந்த முறையில் பார்ப்போம்.

முதலில் ஜி.எஸ்.டி. நீங்கள் இணைத்து அனுப்பிய வரவு செலவுத் தாளைப் பார்த்தேன். நூறு ரூபாய் ஜாப் ஒர்க் வருமானத்தில் ஏறத்தாழ 65 ரூபாய் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் தைக்கும் டெய்லர்களுக்கும் செக்கிங், கைமடி (மடித்து வைக்கும்) ஆட்களுக்கும் சம்பளமாகப் போகிறது. அடுத்து வாடகை, கரண்ட் பில், கடன் தவணை. நூல்கண்டு, ஊசி, ஆயில், ஸ்பேர் எல்லாம் சேர்த்தாலும் நான்கு ஐந்து ரூபாயைத் தாண்டவில்லை. சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மின்சாரமும் ஜி.எஸ்.டி. வளையத்துக்கு வெளியேதான் இருக்கிறது. உங்கள் செலவின் பெரும்பகுதியை அந்த வரி தொடவே இல்லாதபோது, அதைக் குறைத்ததால் உங்கள் செலவு குறைய வழியில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் உண்மையாகப் பயன் அடைந்தவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அதுவரை 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்ட ஆடைக்கு 12 சதவீதமும் வரி இருந்தது. இப்போது 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் பிராண்டட் ஆடை விற்பவருக்கு இது நல்ல செய்தி. செயற்கை இழைத் துணியில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. இழைக்கு 18 சதவீதமும் நூலுக்கு 12 சதவீதமும் கட்டிவிட்டு, துணியை 5 சதவீதத்தில் விற்று, இடையில் சிக்கிய வரியைத் திரும்பப் பெற அலைந்துகொண்டிருந்த பல ஆண்டுச் சிக்கல் அதில்தான் தீர்ந்தது. ஆனால் 300 ரூபாய் டி-சர்ட்டுக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். ஏற்றுமதி ஆடைக்கோ முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை. ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு நீங்கள் போடும் 5 சதவீதமும் மாறவில்லை. உங்கள் பக்கம் குறைந்தவை இரண்டுதான். பாலியஸ்டர் தையல் நூலும் தையல் மெஷினும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்திருக்கின்றன. பதிவு பெற்றவர் என்பதால் கட்டிய வரியை நீங்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். எனினும் மெஷின் வாங்கியதில் சேர்ந்த வரவை ரொக்கமாகத் திரும்பக் கேட்க முடியாது என்பதால், அது பல மாதங்கள் கணக்கிலேயே முடங்கும். அந்த முடக்கம் இனிமேல் குறையும். மெஷின் வாங்க இது ஒரு சிறிய சாதகம்தானே ஒழிய, வாங்குவதற்கான காரணம் ஆகாது.

அடுத்து வட்டி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்து, படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவீதமானது. குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் மாறும் வட்டியில் தரும் கடனை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்ற விதி 2019 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. இந்த வழியில் உள்ள மதகு ஓரளவு நேர்மையானது. ஆனாலும் உங்கள் தவணை குறையாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வட்டி குறையும்போது பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் மாதங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அப்படியானால் பயன் உங்களுக்கு வந்துவிட்டது, கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும். அல்லது உங்கள் கடன், வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டியைக் கணக்கிடும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே இருக்கலாம், எழுத்து மூலம் கேட்டால் மாற்றித் தருவார்கள். மூன்றாவது, மெஷின் கடனை நிதி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் இந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் அனுப்பிய தாளில் தவணைத் தொகை மட்டும் இருக்கிறது, யாரிடம் வாங்கிய கடன் என்று இல்லை. கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். இதற்கு மேல் வட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் அளவு கடனில் ஒரு சதவீதம் குறைந்தாலும் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். உங்களை வாட்டுவது வட்டி விகிதம் இல்லை, வர வேண்டிய பணம் வராதது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பஞ்சு வரி விஷயம் திருப்பூரில் எல்லோரும் பேசுவது. பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில், வெளிநாட்டுப் பஞ்சுக்கு அடிப்படைச் சுங்க வரி, வேளாண் கட்டமைப்பு மேல்வரி, சமூக நல மேல்வரி எல்லாம் சேர்த்து 11 சதவீதம் விதிக்கப்பட்டது. உள்நாட்டுப் பருத்தி விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதன்பின் விலை ஏறிக்கொண்டே போய், நூற்பாலைகளும் பின்னலாடைத் துறையும் முறையிட்டதன்பேரில் 2022 ஏப்ரல் 14 முதல் அந்த வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. வரி நீங்கினால் விலை இறங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த மாதத்தில்தான் ஒரு கேண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் இருந்த விலையைப்போல் அது இரண்டு மடங்கு. நூல் விலை உயர்வைக் கண்டித்து ஊரே வேலைநிறுத்தம் செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வரியை நீக்கியும் விலை ஏறியது ஏன்? உலகச் சந்தையிலேயே அப்போது பஞ்சு விலை உச்சத்தில் இருந்தது. வரியைக் கழித்தாலும் வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக இல்லை. மலிவாகவே இருந்தாலும், இன்று ஆர்டர் போட்ட பஞ்சு கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து, ஆலைக்குப் போய், நூலாகி, நிட்டிங் முடிந்து, சாயம் ஏறி உங்கள் மேஜைக்கு வர மாதங்கள் ஆகும். அரசு கையெழுத்திடும் நாளுக்கும் அந்தக் கையெழுத்து நூல் விலையில் தெரியும் நாளுக்கும் இடையே ஒரு முழு சீசன் கடந்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 19 முதல் மறுபடியும் வரி நீக்கப்பட்டு, அது டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டதே, அதன் கதையும் இதுதான். இதில் விவசாயியின் பக்கத்தையும் நாம் மறந்துவிடக்கூடாது. மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் ஆதார விலை அறிவித்துவிட்டு, புதிய பருத்தி சந்தைக்கு வரும் நேரத்தில் வரியில்லாத வெளிநாட்டுப் பஞ்சையும் அனுமதித்தது. மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் குஜராத்திலும் பருத்தி போடுகிறவர்கள் இதை எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. ஒரே பொருளின் ஒரு முனையில் விவசாயியும் மறுமுனையில் நாமும் இருக்கிறோம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் வலிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுவதுதான் இருவருக்கும் பெரிய தீமை என்பது என் கருத்து. வரி 11 சதவீதம் இருக்குமா, இருக்காதா என்று மூன்றாண்டுக்காவது உறுதியாகத் தெரிந்தால் ஆலைக்காரர் அதற்கேற்ப வாங்குவார், விவசாயியும் அதற்கேற்ப விதைப்பார்.

இதில் உங்கள் இடம் எங்கே? நீங்கள் நூலும் வாங்குவதில்லை, துணியும் வாங்குவதில்லை. கட்டிங் பீஸ் வருகிறது, தைத்து அனுப்புகிறீர்கள். நூல் விலை ஏறினால், மூன்று மாதம் முன்பே விலை பேசி ஒப்புக்கொண்ட ஏற்றுமதியாளருக்கு லாபம் கரைகிறது. அதை ஈடுகட்ட அவர் கைவைக்கக்கூடிய முதல் இடம் உங்கள் பீஸ் ரேட். நூல் விலை இறங்கினால் அவர் லாபம் மீள்கிறது. உங்கள் ரேட்டை ஏற்ற அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஏற்றத்தின் சுமை உங்களுக்கு வரும், இறக்கத்தின் பலன் வராது. பவர்டேபிள் எனப்படும் தையல் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, உள்நாட்டுப் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவுடன் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ரேட் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் அருமை இங்கேதான் புரிகிறது. தனித்தனியாகப் பேசும் ஜாப் ஒர்க்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்ந்துவிடுங்கள்.

அமெரிக்க வரிக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவதைக் காரணமாகச் சொல்லி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் என்று அப்போது விதிக்கப்பட்டது. ஆடைகளுக்கு ஏற்கெனவே இருந்த சுங்க வரிக்கு மேல் இது. நம் அரசின் எண்ணெய்க் கொள்கைக்கும் வேறொரு நாட்டு அரசின் கோபத்துக்கும் இடையில் காங்கயம் சாலையில் ஓடும் 24 மெஷின்கள் அகப்பட்டுக்கொண்டன. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, உங்கள் ஏற்றுமதியாளரின் தவறும் இல்லை. திருப்பூருக்கு இது புதிதும் இல்லை. 2004 முடியும் வரை எந்த நாட்டிலிருந்து எத்தனை பீஸ் வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா போட்டுத்தான் வாங்கின. கோட்டா கையில் இருந்தவருக்கே ஆர்டர். 2005 ஜனவரி 1-ஆம் தேதி அது ஒழிந்த பிறகுதான் இந்த ஊரில் இவ்வளவு பெரிய கட்டடங்கள் எழுந்தன. பங்களாதேஷ் ஆடை இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்க வரியின்றி நுழைகிறது, நம் ஆடைக்கு வரி உண்டு. அங்குள்ள தொழிலாளியின் கை வேகம் மட்டும் அந்த நாட்டை வளர்க்கவில்லை. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் நம் அரசு கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அந்தச் சந்தையில் நமக்கு இந்தக் குறை தீரும். கையெழுத்து ஆனதாலேயே வரி நீங்கிவிடாது, நடைமுறைக்கு வரும் தேதியே கணக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஏற்றுமதியாளர்கள் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கட்ட வேண்டிய தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு வழிசெய்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் உங்கள் பெயரில் ஏற்றுமதி இல்லை. ஏற்றுமதியாளருக்குத் தைத்துக் கொடுப்பவராகத்தான் இருக்கிறீர்கள். அடிபட்டதில் நீங்கள் முதல் வரிசையிலும் நிவாரணத்தில் கடைசி வரிசையிலும் இருப்பதன் காரணம் இதுதான். அரசின் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பார்க்கின்றன. ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பதை நம் சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். தவணை தள்ளிவைக்கப்பட்ட ஏற்றுமதியாளர் அந்த மூச்சிடைவெளியைக் கொண்டு தையல் யூனிட்டுகளின் பாக்கியைத் தீர்த்தாரா என்று யாரும் சரிபார்க்கவும் இல்லை.

இனி உங்களை உண்மையாக வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பில்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 28 தேதியிட்ட பில். தையல் கூலி 2,00,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 10,000 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்து, வரியை மாதந்தோறும் கட்டும் முறையில் இருப்பதால் அந்த வரிக்கான பணத்தைச் செப்டம்பர் 25-க்குள் கட்டிவிட்டீர்கள். டெய்லர்களுக்கு வாரச் சம்பளம் அதற்கு முன்பே சனிக்கிழமைதோறும் கொடுத்தாகிவிட்டது. கம்பெனி அந்த 10,000 ரூபாயை வரி வரவாக எடுத்து, ஏற்றுமதி என்பதால் அரசிடம் ரீஃபண்டும் கேட்டிருக்கும். உங்களுக்குப் பணம் வந்ததோ டிசம்பர் கடைசி வாரத்தில். நான்கு மாதம் நீங்கள் உங்கள் கூலியையும் அரசுக்குச் சேர வேண்டிய வரியையும் சேர்த்துக் கம்பெனிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறீர்கள், வட்டி இல்லாமல். மறுபுறம், சம்பளம் கொடுக்க நகையை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில்தான் அரசு உங்களுக்காகவே ஒரு மதகைத் திறந்து வைத்திருக்கிறது. அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும், எப்படியும் 45 நாளைத் தாண்டாமலும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2025 டிசம்பரில் அந்த வங்கி விகிதம் (ரெப்போ அல்ல) 5.50 சதவீதம்; அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 16.5 சதவீதம். இந்தச் சட்டம் நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்தது, ஏனென்றால் தனக்கு வேலை தருபவர்மேல் புகார் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. 2023-இல் மத்திய அரசு அதைச் சுற்றி வேறு வழியில் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்து, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று ஆக்கியது. பணம் கொடுக்கிற ஆண்டில்தான் காட்டலாம். உங்களுக்கு ஆறு லட்சம் பாக்கி வைத்திருக்கும் கூட்டு வணிக நிறுவனத்துக்கு, 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து அந்த ஆண்டில் ஏறத்தாழ 1,87,000 ரூபாய் கூடுதல் வரி. நீங்கள் புகார் கொடுக்க வேண்டியதே இல்லை. அவருடைய ஆடிட்டரே பிப்ரவரி மாதம் அவரிடம் கேட்கத் தொடங்கிவிடுவார். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண் வேறு, விதி அதுவே.

அவர் கேட்க வேண்டுமானால் நீங்கள் குறு நிறுவனம் என்பது அவருடைய கணக்கில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் பில்லில் உத்யம் எண், அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு எண், இல்லை. உத்யம் பதிவு இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் சான்றிதழில் எந்த வகையில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். வியாபாரம் என்று மட்டும் பதிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, உற்பத்தி அல்லது சேவை என்று இருக்க வேண்டும். எண்ணைப் பில்லில் அச்சிட்டு, சான்றிதழ் நகலை மூன்று பார்ட்டிகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். சண்டைக் கடிதமாக எழுத வேண்டாம். உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன் என்ற ஒரு வரி போதும். அதே கடிதத்தில் 45 நாள் கெடுவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்திலும் உங்களுக்கு ஒரு பிடி உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று உங்களை நம்ப வைக்க நான் விரும்பவில்லை. 43பி(எச்) வந்தபோது, உத்யம் பதிவு இல்லாதவர்களிடம் வேலையைக் கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசித்ததாகத் தொழில் வட்டாரத்தில் பேச்சு இருந்தது. பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று ஜாப் ஒர்க்காரரிடம் சொன்னவர்களும் உண்டு. அப்படிக் கேட்கும் பார்ட்டி உங்களிடம் பணம் தராமல் இருப்பதற்கான உரிமையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து மெல்ல விலகுவதே நல்லது. மண்டல வாரியாக உள்ள குறு, சிறு நிறுவன வசதியாக்கக் குழுவில் முறையிடும் வழி கடைசி வழி. தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதால் அதற்கு வலு உண்டு. ஆனால் உறவு முறிந்த பார்ட்டியிடம்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கடிதத்தின் முடிவில், அரசு தலையிடாமல் இருந்தாலே போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். உத்தரவு சாயப்பட்டறைகளுக்குத்தான், ஆனால் சாயம் ஏறாத துணியைத் தைக்க முடியாது என்பதால் தையல் யூனிட்டுகளும் முடங்கின. அந்த உத்தரவு தவறா? ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் சாயக் கழிவு தேங்கி, நொய்யல் பாசன விவசாயிகள் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று வழக்குப் போடும் நிலை வந்தது. உத்தரவு சரியானதே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விதி இருந்தும் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அதைச் செய்யாமல் விட்டதுதான் தவறு. சரியான நேரத்தில் சிறிய அளவில் தலையிட்டிருந்தால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முன்பே ஒழுங்காக அமைந்திருக்கும், ஒரே நாளில் ஊரைப் பூட்ட வேண்டி வந்திருக்காது. பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்து, கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதுமாகச் சுத்திகரிக்கும் முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்று வெளிநாட்டு வாங்குவோரிடம் நம் ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான்.

இப்போது பத்து மெஷின். உங்கள் தாளின்படி இருக்கும் 24 மெஷின்களில் ஒன்பது, அக்டோபர் முதல் பாதி நேரம் சும்மா இருக்கின்றன. உங்களுக்குத் தட்டுப்பாடு மெஷின் இல்லை. வேலையும் நேரத்துக்கு வரும் பணமும்தான். கூடுதல் மெஷின் போட்டால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் உயர்த்த வேண்டிவரும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கான நிலைக் கட்டணத்தை ஒவ்வொரு பில்லிலும் கட்ட வேண்டும். உள்நாட்டு வியாபாரிக்கான வேலையைக் கூட்டுவதாக நீங்கள் யோசிப்பது சரியான திசை. அவருடைய ஆடை ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் ரகமா என்று முதலில் கேளுங்கள். ஆமென்றால் செப்டம்பர் மாற்றத்தின் பலன் அவரிடம் இருக்கிறது; ரேட் பேச உங்களுக்கு இடமும் இருக்கிறது. மலிவு ரகம் என்றால் அந்த வாதம் செல்லாது, வேறு காரணம் சொல்லித்தான் பேச வேண்டும். ஏற்றுமதியில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியைத் தேடுங்கள். இப்போதுள்ள இரண்டு கம்பெனிகளும் அமெரிக்காவுக்கே அனுப்புகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு பார்ட்டிகள் இருந்தும் சந்தை ஒன்றுதான்.

மார்ச் 31 வரை பொறுத்திருங்கள். பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் போட்ட பில்களுக்கு யார் அதற்குள் பணம் தருகிறார்கள், யார் தரவில்லை என்பது அன்று தெரிந்துவிடும். 45 நாளுக்குள் தருகிற ஒரு பார்ட்டி, ஆறு மாதத்துக்குக் குறையாத வேலையை எழுத்தில் உறுதி செய்தால், பத்துக்குப் பதில் நான்கு மெஷினிலிருந்து தொடங்கலாம். அப்போது வாங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியம் உண்டா என்று கேளுங்கள். வாங்கிவிட்டுப் போனால் பல திட்டங்களில் இடம் கிடைக்காது. கடனை நிதி நிறுவனத்தில் வாங்காமல் வங்கியில் கேளுங்கள். குறு நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் வேறு மாதிரி சொன்னால் அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி கேளுங்கள். உத்யம் சான்றிதழ், கடன் அனுமதிக் கடிதம், மூன்று பார்ட்டிகளின் பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பி வையுங்கள். பார்த்து மறுபடி எழுதுகிறேன்.